லபுயன் அணியின் பதினைந்தாவது பெயர்

எங்கள் லபுயனில் இரண்டு கால் உள்ள ஆண்பிள்ளை எவனும் தன்னைக் கூடைப்பந்து வீரன் என்றுதான் சொல்லிக்கொள்வான். தொப்பை முன்னால் போகும், ஆள் பின்னால் வருவான், பத்தடி ஓடினால் மூச்சு இரைக்கும். ஆனாலும் முதுகில் எண் போட்ட பனியன் இல்லாமல் முட்டை வாங்கக்கூடக் கிளம்பமாட்டான். இத்தனை வீரர்கள் நிறைந்த ஊரில் கூடைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்கிய ஆள் இன்றுவரை ஒருத்திதான். பெயர் கிளாரிபெல் சுமகாய்சாய். பெல் என்போம். இந்த ஊர் அவளுக்குச் செய்த மரியாதையைத்தான் சொல்லப்போகிறேன். நான் ஃபெலிசிதாஸ், வட்டார அலுவலகத்தில் குமாஸ்தா. திருவிழா லீக் நடக்கும்போது ஆட்ட மேசையில் ஸ்கோர் எழுதுவதும் நான்தான். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் மனாங் ஃபெலி, அதாவது ஃபெலி அக்கா.

பெல்லின் அம்மா ஆடுகளத்தை ஒட்டி பத்சோய்க் கடை வைத்திருந்தாள். பன்றி ஈரல் நூடுல்ஸ் வாசனையும் பந்து தட்டும் சத்தமும்தான் அந்தப் பெண்ணுக்குத் தாலாட்டு. ஒன்பது வயதில் ஆண்பிள்ளைகளோடு ஆட வந்தாள். ஆள் குறைந்தால் சேர்த்துக்கொள்வார்கள், ஆள் வந்துவிட்டால் விரட்டிவிடுவார்கள். பதினெட்டு வயதில் மாகாணப் பள்ளிப் போட்டியில் அவள் ஆடியதைப் பார்த்து மணிலாவில் ஒரு பல்கலைக்கழகம் செலவெல்லாம் தங்களுடையது என்று கூட்டிக்கொண்டு போனது. ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? இவ்வளவு முரட்டுப் பெண்ணை யார் கட்டிக்கொள்வான் என்று பேசினார்கள்.

அங்கே ஐந்து வருஷம் ஆடினாள், மூன்று முறை கோப்பை. பிறகு பெண்களுக்கென்று தொழில்முறை லீக் வந்தபோது ஒரு பிஸ்கட் கம்பெனி அணியில் எட்டு வருஷம் ஆடினாள். பந்தை மேலே கொண்டுபோய், யார் எங்கே நிற்க வேண்டும் என்று கை விரலால் சொல்லி ஆட்டத்தை நடத்துகிற இடம் அவளுடையது. அவர்களுக்கு ஆட்டம் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் அரங்கத்தில் பெருக்குகிறவர்களும் வீராங்கனைகளின் அம்மாக்களும்தான் இருப்பார்கள். மாலையில் அதே தரையில் ஆண்கள் ஆடினால் நிற்க இடம் இருக்காது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் ஊருக்கு வரும்போது நம் ஆட்கள் ஓடிப்போய்க் கேட்பது ஒன்றே ஒன்று, அந்த ஆண் வீரன் கையெழுத்து வாங்கிவந்தாயா, இந்த ஆண் வீரன் பனியன் கிடைக்குமா. பங்குச் சாமியார்கூட ஒன்று கேட்டார். அவளுடைய கையெழுத்தை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

முப்பத்தோராம் வயதில் பிஸ்கட் கம்பெனி அணியைக் கலைத்தது. செல்போனில் ஒரு செய்தி, கடைசியில் கும்பிடுகிற கைப்படம், அவ்வளவுதான் வழியனுப்பு விழா. முட்டியில் ஒரு நீளத் தழும்போடு ஊருக்கு வந்து அம்மா கடையில் கிண்ணம் கழுவ உட்கார்ந்தாள். நாலாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆடுகளத்தில் பந்து சத்தம் கேட்டது. மீன் விற்கிறவள் மகள், என் தம்பி மகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று பதினொரு பெண்களுக்குப் பெல் ஆடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆடுகளத்தில் எப்போதும் யாராவது நெல் காயப்போட்டிருப்பார்கள். பெண்கள் நெல்லை ஒதுக்கிக் கூட்டிவிட்டு ஆடுவார்கள், ஆறரைக்குத் திரும்பவும் பரப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள். ஆண்கள் ஆட வந்தால் நெல் தானாக ஒதுங்கிவிடும், அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மே மாதத் திருவிழா லீக்கில் எங்களுக்கு ஐந்து பிரிவு. பொடியன்கள், இளைஞர்கள், பெரியவர்கள், நாற்பது தாண்டியவர்கள், ஐம்பது தாண்டியவர்கள். ஐம்பது தாண்டியவர்கள் ஆட்டத்தில் பந்தைவிட ஆம்புலன்ஸ்தான் அதிகம் ஓடும். அதற்கும் கோப்பை உண்டு. பெண்களுக்குப் பிரிவு இல்லை. ஆறாவதாக ஒன்று வேண்டும், தன் பதினொரு பெண்களும் பக்கத்து வட்டாரப் பெண்களும் ஆடட்டும் என்று பெல் வட்டார அலுவலகத்துக்கு வந்தாள். ஊர் லீக்கில் பெயர் வந்தால்தான் மாகாணப் போட்டிக்குத் தேர்வாக முடியும், மாகாணத்துக்குப் போனால்தான் எந்தப் பல்கலைக்கழகமாவது பார்க்கும். தனக்கு அமைந்தது போல் பள்ளிக்கூட அணி இப்போது கிடையாது, அதை எப்போதோ மூடிவிட்டார்கள். இந்த வழி இல்லையென்றால் அந்தப் பெண்களுக்கு வேறு வழி இல்லை.

எங்கள் வட்டாரத் தலைவருக்குக் கபித்தான் என்று பெயர். கபித்தான் நெமெசியோ. ஆடுகளத்துக் கூரை போட்டது அரசாங்கம். ஆனால் வளையத்துக்குப் பின்னால் இருக்கிற பலகை இரண்டிலும் அவர் முகம், பல் தெரியச் சிரித்தபடி. பந்து மூக்கில் பட்டால் உள்ளே விழும். அவர் பெல்லை உட்காரச் சொல்லி, அவளை ஏற இறங்கப் பார்த்து, மணிலாத் தண்ணீர் ஒத்துக்கொண்டிருக்கிறது என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

எங்கள் பக்கம் லீக் தொடங்கும் நாளில் ஒவ்வொரு அணியும் ஊர்வலமாக வரும். முன்னால் ஒரு பெண், நீளக் கவுன், குறுக்கே பட்டை, கையில் பூ. அவளுக்கு மியூஸ் என்று பெயர். யாருடைய மியூஸ் அழகு என்று பார்த்துப் பரிசும் கொடுப்பார்கள்.

"இந்தாய், நீ இந்த வருஷம் நம்ம அணிக்கு மியூஸா நடந்து வா," என்றார் கபித்தான். இந்தாய் என்றால் எங்கள் பேச்சில் தங்கச்சி மாதிரி. "மணிலாவுல ஆடின ஆளே நமக்கு மியூஸ்னா, பக்கத்து வட்டாரத்துப் பாயோக்காரன் வயிறு எரியும். அடுத்த வருஷம் பொண்ணுங்களுக்குப் பிரிவு வச்சிரலாம். நான் சொன்னா சொன்னதுதான்."

எட்டு வருஷம் தொழில்முறையாக ஆடியவளை, தொப்பைக்காரர்களுக்கு முன்னால் பூ பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார். அதைக் கௌரவம் என்று மனதார நம்பிச் சொல்கிறார், அதுதான் எரிச்சல். நான் தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெல் சரி என்றாள்.

அணிப் பட்டியலை எழுதியது கபித்தானின் மனைவி. வருஷக்கணக்காக நகல் எடுத்து நகல் எடுத்து, படிவத்தின் அடியில் மியூஸ் பெயருக்கென்று இருந்த கோடு எப்போதோ அறுந்துபோயிருந்தது. மேலே வீரர்களுக்குப் பதினைந்து வரி. ஆண்கள் பதினாலு பேர். அந்த அம்மாள் பதினைந்தாம் வரியில் கிளாரிபெல் சுமகாய்சாய் என்று அழகாக எழுதி, குடியிருப்புச் சான்றிதழும் சேர்த்து அனுப்பிவிட்டாள். குழுப் புகைப்படத்துக்கென்று பதினைந்தாம் எண் பனியனும் தைத்தாகிவிட்டது. படிவம் என் கைக்கு வந்தபோதே நான் பார்த்துவிட்டேன். சொல்லியிருந்தால் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியது நான். வாயை மூடிக்கொண்டேன். பெரிய திட்டம் எதுவும் இல்லை, சோம்பல்தான்.

ஊர்வலத்தன்று கவுன் கபித்தான் கட்சியின் நிறம், பளபளவென்று மஞ்சள். வாடகைச் செருப்பு அவள் காலுக்கு இரண்டு அளவு சின்னது. பெல் தலையை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல் நடந்தாள். மைக்கில் அறிவிப்பாளன் அவளுடைய உயரம், கல்யாணம் ஆகவில்லை என்ற தகவல், பிடித்த நிறம் எல்லாவற்றையும் சொன்னான். மூன்று கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இனி நம் வீரர்கள். கபித்தான் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று நெடுமரங்களைக் கூலிக்குப் பிடித்து வந்திருந்தார். எல்லா வட்டாரமும் செய்கிற வேலைதான். மூன்று பேரும் லபுயனில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று சான்றிதழ், கபித்தான் கையெழுத்தோடு. மூன்று பேரும் எல்லா ஆட்டத்தையும் ஆடி ஜெயித்துக் கொடுத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து கோபம் வந்து, தென்னங்கள் குடிக்கப் போய்விட்டார்கள். இறுதி ஆட்டம் திருவிழாவுக்கு முந்தின நாள் பிற்பகல், பாயோ வட்டாரத்தோடு. ஆட்டம் தொடங்க இருபது நிமிஷம் இருக்கும்போது பாயோவின் பயிற்சியாளர் லீக் கமிஷனரிடம் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கமிஷனர் தெலெஸ்போரோ ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் எதையும் பார்ப்பார். நெடுமரங்கள் மூன்றும் குடியிருப்பதாகச் சான்றிதழில் எழுதியிருந்த வீட்டின் படம் அது. கபித்தானின் மாமியார் வீடு. மாமியார் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது, இப்போது அது பன்றிக்கொட்டகை. படத்தில் பன்றிகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

மூன்று பேரையும் கமிஷனர் நீக்கிவிட்டார். கோட்டுக்குள் பனியனோடு நின்றது நாலே பேர். கபித்தானின் மருமகன் ராண்டெல், கபித்தானின் மகன், ஒரு மீன்காரர், ஒரு ட்ரைசைக்கிள் ஓட்டுநர். ஐந்து பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது விதி. பதினைந்து நிமிஷம் பார்ப்பார்கள், பிறகு கோப்பை பாயோவுக்கு. கள்ளுக்கடைக்கு ஆள் அனுப்பினார்கள், அங்கே ஒருவனாலும் எழுந்து நிற்க முடியவில்லை. கபித்தான் முகம் வெளுத்துவிட்டது. அப்போது நான்தான் பட்டியலைத் தூக்கி, பதினைந்தாவது பெயர் ஒன்று இருக்கிறதே என்றேன்.

கமிஷனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விதிப் புத்தகத்தைப் படித்தார். ஊரில் குடியிருக்க வேண்டும், பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், பட்டியலில் பெயர் வேண்டும், எண்ணோடு பனியன் வேண்டும். ஆணாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அப்படி ஒரு சந்தேகம் வரும் என்று எழுதினவர்களுக்குத் தோன்றியே இருக்காது. பாயோக்காரர்கள் ஆட்சேபிக்கவில்லை, சிரித்தார்கள்.

கபித்தான் மேசைக்கு அருகே பெல்லைக் கூப்பிட்டார். "நீ பந்தைத் தொடவே வேண்டாம் இந்தாய். அந்த ஓரமா நில்லு, போதும். அஞ்சு தலை கணக்குக்குத்தான்."

"நிக்கிறேன் கபித்தான்," என்றாள் பெல். "அடுத்த வருஷம் பொண்ணுங்களுக்குத் தனிப் பிரிவுன்னு எழுதிக் குடுங்க. போன தடவை வாயால சொன்னீங்க. இந்தத் தடவை கையால."

கடிகாரத்தில் நாலு நிமிஷம் மிச்சம். கபித்தான் என் ஸ்கோர் தாள் ஒன்றைப் பிடுங்கி, அதன் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்று என்னையும் போடச் சொன்னாள். போட்டேன். தாளை என் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அம்மா கடைக்குப் பின்னால் போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். காலில் அவளுடைய சொந்த ஷூ.

முதல் பாதியில் சொன்னபடியே ஓரமாக நின்றாள், ஏனென்றால் பந்தை யாரும் தரவில்லை. ராண்டெலுக்குப் பந்து கிடைத்தால் அது வளையத்துக்குப் போகும் அல்லது வெளியே போகும், இன்னொரு மனிதனிடம் போகாது. அவள் கையைத் தூக்கி நிற்பாள், அவன் அவளைத் தாண்டி எங்கேயோ பார்ப்பான். ஒருமுறை தவறிப்போய் அவளிடம் உருண்டு வந்ததை எடுத்து இரண்டு புள்ளி போட்டாள். பாதி ஆட்டத்தில் முப்பத்தொன்பதுக்கு இருபத்திரண்டு, நாம் பின்னால். கபித்தான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது பகுதி தொடங்கியதும் ராண்டெல் வழக்கம்போல் பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வந்தான். பெல் குறுக்கே போய் அவன் கையிலிருந்து பந்தைப் பறித்தாள். சொந்த அணிக்காரனிடமிருந்து பந்தைத் திருடியதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுவர் ஊதலை வாயில் வைத்துவிட்டு, எதற்கு ஊதுவது என்று தெரியாமல் எடுத்துவிட்டார். அவள் நேராகப் போய் கபித்தானின் மூக்கில் அடித்து உள்ளே போட்டாள்.

அதற்கப்புறம் ஆட்டம் அவளுடையது. மீன்காரரை விரலால் ஒரு மூலைக்கு அனுப்பினாள், அவர் போனார். ஓட்டுநரை உள்ளே போகச் சொன்னாள், அவர் போனார். அந்த இரண்டு பேரும் பகலெல்லாம் யாராவது சொல்கிற இடத்துக்குப் போய்ப் பழகியவர்கள், நல்லபடியாக ஆடினார்கள். பாயோக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு முழங்கையால் இடித்தார்கள், கடைசியில் கெட்ட வார்த்தை சொன்னார்கள். அவள் முட்டியைத் தேய்த்துக்கொள்வாள், திரும்ப ஓடுவாள். மூன்று புள்ளித் தூரத்திலிருந்து ஐந்து போட்டாள். என் கை எழுதி எழுதி வலித்தது. கடையிலிருந்து அவள் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். வேலிக்கு வெளியே பதினொரு பெண்களும் வலைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு, ஆறு விநாடி. பெல்லை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். பந்தை ராண்டெலிடம் கொடுத்தாள். அவன் எறிந்தான், வளையத்தில் பட்டு எகிறியது, அடியில் ஏழெட்டுக் கைகள், பந்து உள்ளே விழுந்தது. மணி அடித்தது. கூட்டம் ராண்டெல் ராண்டெல் என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து அவனைத் தூக்கியது. நான் எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தேன். அறுபத்து நாலுக்கு அறுபத்திரண்டு. கமிஷனரும் கபித்தானும் கையெழுத்துப் போட்டார்கள்.

அரை மணி நேரத்தில் பரிசளிப்பு. சிறந்த வீரன் ராண்டெல், கடைசிப் பந்துக்காக. பிறகு சிறந்த மியூஸ் என்று பெல்லைக் கூப்பிட்டார்கள். வியர்வை சொட்டுகிற பனியனின் மேல் கபித்தானின் மனைவி பட்டையைப் போட்டுவிட்டாள். பெல் பட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அறிவிப்பாளனிடம் மைக்கை வாங்கினாள். அடுத்த வருஷம் பெண்கள் பிரிவு உண்டு என்று கபித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை ஊர் முன்னால் அவரே சொல்ல வேண்டும் என்றாள். பதினொரு பெண்களும் வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

கபித்தான் சிரித்தார். பலகையில் சிரிப்பது போலவே. "எழுதினேனா? அந்த அவசரத்துல என்ன பேசினோம்னே ஞாபகம் இல்ல. மனாங் ஃபெலி, அப்படி எதாவது தாள் இருக்கா?"

புத்தகம் என் முழங்கைக்கு அடியில் இருந்தது. தாள் அதற்குள் இருந்தது, ஓரம்கூட வெளியே தெரிந்தது. என் குமாஸ்தா வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை, ஜூனில் கெடு, கையெழுத்துப் போட வேண்டியவர் கபித்தான். இதையெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். யோசிக்கவே இல்லை. வாய் தானாக வந்தது.

"தேடிப் பாக்கணும் கபித்தான்," என்றேன்.

தாள் வெளியே வராது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கபித்தான் மைக்கை வாங்கி, பெண்கள் நம் கண்கள், அவர்களுக்கு என்ன செய்வது என்று கமிட்டி பரிசீலிக்கும் என்றார். கைதட்டினார்கள். பன்றி வறுவல் மேசைக்கு எல்லாரும் நகர்ந்தார்கள். இவ்வளவு நேரமும் இந்த ஊரைக் கேவலமாகப் பேசிக்கொண்டு வந்தேனே, அதில் முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பெல் என் மேசைக்கு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஷூக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "என் புள்ளியையாவது எழுதினீங்களா மனாங்?"

"எழுதாம இருப்பேனா?"

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"முப்பத்துமூணு," என்றாள். கோபம் இல்லை, கடையில் பாக்கிச் சில்லறை சொல்வது போல் சொன்னாள். ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் தைவானுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் திருகாணி முடுக்குகிறாள், ஞாயிற்றுக்கிழமை நம் நாட்டுத் தொழிலாளர் பெண்கள் அணிக்கு ஆடுகிறாள். பதினொரு பெண்களில் இரண்டு பேர் மணிலாவில் வீட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி போன திருவிழாவில் மியூஸாக நடந்தாள். காலை ஐந்து மணிக்கு ஆடுகளத்தில் இப்போது நெல் மட்டும்தான்.

என் தம்பி மகள் அன்றைய ஆட்டத்தைச் செல்போனில் பிடித்து வைத்திருந்தாள். ரொம்ப நாள் கழித்துக் காட்டினாள், நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். ராண்டெல் எறிந்தது வளையத்தில் பட்டு எகிறுகிறது. மூன்று பேருக்கு நடுவிலிருந்து ஒரு கை மேலே வருகிறது, பந்தை ஒரு விரல் நுனியால் தட்டி உள்ளே விடுகிறது. பனியனில் பதினைந்து நன்றாகத் தெரிகிறது. கூட்டம் ராண்டெல் என்று கத்தியது, நான் தலையைக் குனிந்து ராண்டெல் பெயருக்கு எதிரில் இரண்டு என்று எழுதியிருக்கிறேன். பார்த்து எழுதவில்லை, கேட்டு எழுதியிருக்கிறேன்.

கையெழுத்தான ஸ்கோர் தாளைத் திருத்த வேண்டுமானால் கபித்தான் மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும். தாள் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அவர் தினமும் பத்து மணிக்கு என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகிறார். நான் இன்னும் கேட்கவில்லை.